கடைசிக் கை

அன்று காலை தடங்காணி முப்பத்தெட்டாவது தடவையாக அஞ்சுகத்தின் பெயரைச் சொன்னது.

"மாத்திரை அட்டை. பல்லடுக்குப் பொருள். தடைப்பட்டியலில் உள்ளது. கடைசிக் கை, அஞ்சுகம். கறை முப்பத்தெட்டு."

சொல்லி முடித்ததும் ஏதோ நல்ல சேதி சொல்லிவிட்டதுபோல ஒரு மணியும் அடித்தது. அந்த மணியை வைத்த மகராசன் யாரோ, ஒருநாளாவது குப்பை முற்றத்தில் நின்று அதைக் கேட்டிருக்க வேண்டும்.

அஞ்சுகம் கையை அலசி, சேலைக்கு மேல் போட்டிருந்த நீலக் கோட்டில் துடைத்துக்கொண்டாள். நாற்பத்தைந்து வயது. 'நொய்யல் நிழல்' குடியிருப்பின் அறுபத்து நாலு வீட்டுக் குப்பையும் எட்டு வருடமாக அவள் கை வழியாகத்தான் வெளியே போகிறது. பக்கத்தில் நின்ற பிரகல்யா அந்தக் குடியிருப்பின் மேலாளர். லிஃப்ட் நின்றாலும் அவள்தான், மூன்றாம் மாடியில் தண்ணீர் ஒழுகினாலும் அவள்தான், மாதக் கடைசியில் 'எங்கள் குப்பையெல்லாம் ஒழுங்காக இருக்கிறது' என்று தூய்மை ஆணையத்துக்கு இணக்கப் பத்திரம் அனுப்ப வேண்டியவளும் அவள்தான்.

"அக்கா, முப்பது தாண்டுனா வெள்ளிக்கிழமை முடக்கம்னு போட்டிருக்குதுங்க. நெசமாலுமே பண்ணிருவாங்களா?"

"நான் இருக்கறேனல்ல. நீ போயி டீ குடி," என்றாள் பிரகல்யா. வாய் அப்படிச் சொன்னதே ஒழிய, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை மறுபடியும் ஒருதடவை படித்தாள்.

தடங்காணி ஒன்றும் பெரிய இயந்திரம் இல்லை. குளிர்பெட்டி உயரம்தான். மேலே ஒரு தொட்டி, உள்ளே ஒரு மூக்கு. எதைப் போட்டாலும் அதில் ஒட்டியிருக்கிற வியர்வையையும் தோல்துகளையும் முகர்ந்து, கடைசியாக அதைத் தொட்டது யாருடைய கை என்று சொல்லிவிடும். குப்பையைக் கண்ட இடத்தில் வீசுகிறவனைப் பிடிப்பதற்காகத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். பிடிக்கவும் பிடித்தது. இரண்டே வருடத்தில் கோயமுத்தூர்க் குளங்களின் கரையில் மூக்கைப் பொத்தாமல் நின்று பேச முடிந்தது. மேற்கு மண்டலத் தூய்மை ஆணையம் அதற்கு ஒரு விழாவே எடுத்தது. அதுவரைக்கும் சரி.

ஆனால் தண்டனை என்று ஒன்றை வைத்தார்களே, அங்கேதான் கோளாறு. அந்த ஊரில் சாவி, அட்டை, கடவுச்சொல் எல்லாம் ஒழிந்து பதினைந்து வருடமாகிறது. எல்லாவற்றுக்கும் கைதான். கையை வைத்தால் குழாயில் தண்ணீர் வரும். பேருந்துக் கதவு திறக்கும். ரேஷன் கடையில் அரிசி விழும். கறை முப்பதைத் தாண்டினால் அந்தக் கையை ஒரு வருடத்துக்கு முடக்கிவிடுவார்கள். அப்புறம் தண்ணீர் குடிப்பதற்குக்கூட இன்னொருத்தர் வந்து குழாயைத் தொட வேண்டும். ஒரு காலத்தில் சில பேரைப் பார்த்துத் தொடாதே என்று வாயால் சொன்னார்கள். சொன்னவன் முகமாவது தெரிந்தது. இப்போது அதைக் குழாய் சொல்கிறது.

அஞ்சுகத்துக்கு முப்பத்தெட்டுக் கறை எப்படி வந்தது என்று கேட்டால், அவள் நல்லவளாக இருந்ததால் வந்தது. நொய்யல் நிழலில் படித்தவர்களுக்குக் குறைச்சல் இல்லை; குப்பையைப் பிரிக்கத் தெரிந்தவர்கள்தான் இல்லை. தயிர் டப்பாவுக்குள் வாழைப்பழத் தோல், அதற்குள் பேட்டரி. பால் கவர் பாலோடு வரும். அஞ்சுகம் ஒவ்வொரு பையையும் அவிழ்த்து, பச்சைக் கூடையில் போட வேண்டியதைப் பச்சையிலும் நீலத்தில் போட வேண்டியதை நீலத்திலும் மாற்றிப் போட்டு, பால் கவரை அலசிக் காயவைத்து, அதற்கப்புறம்தான் தடங்காணிக்குக் கொடுப்பாள். கையுறை போட்டுக்கொள்ளக் கூடாதா என்றால், போட்டால் வேலை நடக்காது. ஒட்டிக்கிடக்கிற கவரை நகத்தால்தான் பிரிக்க முடியும். அவள் பிரித்ததால்தான் எட்டு வருடமாக வாசலில் 'கறையில்லா வளாகம்' என்ற பித்தளைத் தகடு பளபளத்தது.

இந்தச் சித்திரையில் ஆணையம் தடைப்பட்டியல் என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது. மாத்திரை அட்டை, சிப்ஸ் கவர், ஷாம்பூ பொட்டலம் என்று பிளாஸ்டிக்கும் தகடும் ஒன்றாக ஒட்டிய சரக்கு எதுவும் வீட்டுக் குப்பையில் வரவே கூடாது. வந்தால், எந்தக் கூடையில் கிடந்தாலும் கறை. கறை யாருக்கு? கடைசியாகத் தொட்டவருக்கு. மாத்திரையைத் தின்றவர் ஒருவர், அட்டையைத் தூக்கி எறிந்தவர் ஒருவர், அதை எச்சில் சோற்றிலிருந்து பொறுக்கி எடுத்தவளுக்குக் கறை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதற்கு ஒரு இயந்திரம் செய்து மின்சாரமும் கொடுத்தால் இப்படித்தான் இருக்கும்.

பிரகல்யாவுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. ஏனென்றால் இந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தவளே அவள்தான். எட்டு வருடத்துக்கு முன்னால், ஒழுங்காகப் பிரிக்காத வீடுகளுக்குப் போய்ச் சண்டை போட அலுத்துப்போய், "பேசாம நீயே கொஞ்சம் மாத்திப் போட்டுரு அஞ்சுகம். எதுக்கு வம்பு?" என்று சொன்னாள். குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் முகம் சுளிக்கக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து நடந்து, கடைசியில் ஒருத்தியின் கையை அடகு வைத்தாகிவிட்டது.

புதன்கிழமை ஆணையத்தின் ஆய்வாளர் வந்தார். நிதர்சன் என்று பெயர், முப்பத்திரண்டு வயது, சலவை மடிப்புக் கலையாத ஆள். வெள்ளைக் கையுறையைக் கழற்றாமலே நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"பத்திரத்துல அந்தம்மா பேரைக் குறிச்சு அனுப்பியிருக்கோணுமுங்க மேடம். நீங்க எவரும் இல்லைன்னு போட்டிருக்கறீங்க."

"அவ குப்பை போடலீங்க. குப்பையப் பொறுக்குனா."

"இயந்திரத்துக்கு அந்த வித்தியாசம் கெடையாதுங்களே."

"இயந்திரத்துக்கு இல்ல. உங்களுக்கு இருக்குதுங்களா இல்லீங்களா?"

நிதர்சன் கோபப்படவில்லை. கோபப்படாமல் இருப்பதற்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. "மேடம், மனுசன் சொன்னா ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்லுவான். சொந்தக்காரன்னு பாப்பான், பெரிய வூடுன்னு பாப்பான். தடங்காணி அப்படிப் பாக்காது. யாரா இருந்தாலும் கடைசிக் கைதான். அதுல விதிவிலக்கே கெடையாதுங்க. அதுதான் அதோட அழகு."

"அந்த அழகுல அவளுக்குத் தண்ணி கெடைக்காதுங்க."

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இறுதி வாசிப்பு. முப்பத்தெட்டுப் பொருளையும் குடியிருக்கறவங்க முன்னால வெச்சு மறுபடியும் ஒருதடவை படிப்போம். அது சொல்றதுதான் முடிவு. நீங்க கைத்தடம் வெக்கோணும்." எழுந்தவர், வாசல்வரை போய்த் திரும்பினார். "வெக்கலீன்னா வளாகத்துக்கே தண்ணி நிக்குமுங்க. அறுபத்து நாலு வூடு. யோசிச்சுக்குங்க."

அன்று சாயங்காலமே பிரகல்யா வீடு வீடாக ஏறினாள். கேட்டது ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமை வந்து, இது என் வீட்டுப் பொருள் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். ஆய்வாளருக்கு மனிதக் காது இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

அறுபத்து நாலு வீட்டிலும் அஞ்சுகத்துக்காக வருத்தப்பட்டார்கள். வருத்தத்துக்கு என்ன, இலவசம்தானே. சங்கச் செயலாளர் லோகேஷ் ஜூஸ் கொடுத்து உட்கார வைத்தார். ஐம்பத்தெட்டு வயதிலும் தலை கருகருவென்றிருக்கும் மனிதர்.

"பாவமுங்க அந்தம்மா. நானும் எங்கூட்டுல சொல்லீட்டே இருந்தேன். ஆனா ஒண்ணு மேடம், நாங்க ஒத்துக்கிட்டா வளாகத்து மேல கறை வந்துரும். தகட்டைக் கழட்டீருவாங்க. வூட்டோட மதிப்பு என்னாகறது? வேணும்னா அந்தம்மாளுக்கு ஒரு வருசம் நம்ம வளாகத்துலயே ஒரு கொடம் தண்ணி தந்துரலாமுங்க."

"யாரு புடிச்சுத் தருவாங்க?"

லோகேஷ் ஜூஸ் டம்ளரைப் பார்த்தார்.

மூன்றாம் மாடி மாதேஸ்வரன் கதவை முழுதாகத் திறக்கவே இல்லை. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே கட்டிலில் அவர் மனைவி நாலு வருடமாகப் படுக்கையில் கிடந்தாள். மாத்திரை அட்டைகள் எந்த வீட்டுச் சரக்கு என்பது ஊருக்கே தெரியும். "ஒரு அட்டைக்கு ஒரு கறைங்கம்மா," என்றார் கதவிடுக்கில். "எனக்கு ஒரு வாரத்துக்கு மூணு அட்டை. என்ற கை மொடங்கிப் போச்சுன்னா அவளுக்கு யாருங்க தண்ணி குடுப்பாங்க?" அவரைத் திட்டப் பிரகல்யாவுக்கு மனம் வரவில்லை.

படி இறங்கும்போது அவளுக்குப் பயம் போய்விட்டிருந்தது. யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை என்று தோன்றியதும் ஒரு தெம்பு வந்தது. கடைசிக் கைதானே கணக்கு? இறுதி வாசிப்புக்கு முன்னால் முப்பத்தெட்டையும் தானே தொட்டுவிட்டால் போகிறது. அஞ்சுகத்தின் பெயர் அழிந்துவிடும். தன் கை முடங்கும். முடங்கட்டும். இருபது வருடமாக அடுத்தவன் வீட்டுக் குழாயையே பார்த்தாகிவிட்டது; ஒரு வருடம் யாராவது தன் குழாயைப் பார்க்கட்டும்.

அஞ்சுகத்திடம் சொன்னபோது அவள் சம்மதிக்கவில்லை. "அதெல்லாம் வேண்டாமுங்க்கா. எனக்கு வந்ததை நான் அனுபவிச்சுக்கறேன்."

"உனக்கு எங்கீடி வந்தது? உன்ற மேல தள்ளி வுட்டது. அதை மொதல்ல புரிஞ்சுக்க."

"உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஆகட்டும். ஒருத்தி பொறுக்கிப் போட்டதுக்கு அவளையே குத்தவாளின்னு நான் கைத்தடம் வெக்க மாட்டேன். செத்தாலும் வெக்க மாட்டேன்," என்றாள் பிரகல்யா.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் குப்பை முற்றத்தில் நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். யாருக்கும் பேச வேண்டிய அவசியம் இல்லாத கூட்டம் என்றால் ஆள் தாராளமாகச் சேரும். நடுவில் ஒரு மேசை, அதன் மேல் ஒரு தட்டு, தட்டில் தடங்காணி இதுவரை ஒதுக்கி வைத்த முப்பத்தெட்டுப் பொருள். மாத்திரை அட்டைகள், சிப்ஸ் கவர்கள், ஷாம்பூ பொட்டலங்கள், பிரியாணிப் பார்சல் சுற்றி வந்த தகட்டுத்தாள், தலைச்சாயக் குழாய் ஒன்று. நிதர்சன் ஓர் இடுக்கியோடு நின்றார். அஞ்சுகம் கூட்டத்துக்குப் பின்னால், சுவரோரமாக நின்றாள்.

"முதல்ல தொடக்கப் பதிவுங்க மேடம். வாசிப்பு என்ன சொன்னாலும் கட்டுப்படறோம்னு நீங்களும் நானும் கைத்தடம் வெக்கோணும்."

"யார் பேரு வந்தாலுமா?"

"யார் பேரு வந்தாலும்."

"உடனே நடப்புக்கு வந்துருமா?"

"அந்த நிமிசமே." நிதர்சன் வலக்கைக் கையுறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். கையுறையோடு வைத்தால் பதிவு ஏறாது. தடங்காணியின் பலகையில் உள்ளங்கையை அழுத்தினார். பிரகல்யாவும் அழுத்தினாள். மணி அடித்தது.

அடித்த மணி ஓய்வதற்குள் பிரகல்யா மேசைக்குப் போய், தட்டிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை வெறுங்கையால் எடுத்தாள். பிறகு ஒரு சிப்ஸ் கவர். பிறகு இன்னொன்று.

நிதர்சனுக்கு ஒரு கணம் புரியவில்லை. "மேடம், என்ன பண்றீங்க? சாட்சிப் பொருளுங்க அது."

"கடைசிக் கை என்றதா இருக்கட்டுமுங்க. சட்டத்துல இடம் இருக்குதல்ல?"

அவர் குறுக்கே வந்து தட்டை இழுத்தார். அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாதேஸ்வரன் முன்னால் வந்துவிட்டார். லுங்கியோடு, செருப்பில்லாமல். "அந்த அட்டையெல்லாம் என்ற வூட்டுதுங்க. என்ற சம்சாரத்துக்கு வாங்கறது," என்று சொல்லித் தட்டிலிருந்து ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டார். "பொம்பளைக ரெண்டு பேரு என்ற பழியத் தூக்கிச் சொமக்கறாங்க. எனக்கு வெக்கமா இருக்குதுங்க. கொண்டு போயி எழுதிக்குங்க என்ற பேரை."

அதுவரை சுவர்போல நின்ற கூட்டம் அசைந்தது. முதல் மாடி தன்யா வந்து தகட்டுத்தாளை எடுத்துக்கொண்டாள். ஒரு கணவனும் மனைவியும் அந்த ஷாம்பூ பொட்டலம் யாருடையது என்று தங்களுக்குள்ளேயே சண்டை பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பொட்டலத்தை எடுத்தார்கள். லோகேஷ் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தலைச்சாயக் குழாயை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எல்லாரும் பார்த்தார்கள். சுவரோரமாக நின்ற அஞ்சுகம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

நிதர்சன் ஆறு வருட வேலையில் குற்றத்தை மறுக்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறார். போட்டி போட்டுக்கொண்டு அள்ளுகிறவர்களை என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. ஆணையத்தின் சாட்சிப் பொருள் ஊர்க்காரர்கள் கையில் சிதறிக் கிடக்கிறது. ஒன்று குறைந்தாலும் அவர் வேலை போய்விடும். இடுக்கி எங்கேயோ விழுந்திருந்தது.

"குடுங்க. எல்லாத்தையும் குடுங்க. யாரும் தொடாதீங்க," என்று ஒவ்வொருவர் கையிலிருந்தும் பிடுங்கினார். மாதேஸ்வரனின் விரல்களைப் பிரித்து அட்டைகளை எடுத்தார். தரையில் விழுந்ததைக் குனிந்து பொறுக்கினார். இரண்டு கையாலும் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு போய், இனி ஒருவரும் கிட்டே வர முடியாதபடி மொத்தத்தையும் தடங்காணியின் தொட்டிக்குள் கொட்டி மூடியை அழுத்தினார். பிரகல்யாவின் கையில் மூன்று பொருள் மிஞ்சியிருந்தது. அவள் அமைதியாகப் பக்கத் துளை வழியாக அதையும் போட்டாள்.

இயந்திரம் முகரத் தொடங்கியது.

"மாத்திரை அட்டை. கடைசிக் கை, நிதர்சன். கறை ஒன்று."

நிதர்சன் தன் வலது கையைப் பார்த்தார். கையுறை பைக்குள் மடித்த மடிப்பில் இருந்தது.

"மாத்திரை அட்டை. கடைசிக் கை, நிதர்சன். கறை இரண்டு."

"நிறுத்துங்க," என்றார் இயந்திரத்தைப் பார்த்து. யார் நிறுத்துவது? தொடக்கப் பதிவு ஏறிய வாசிப்பை இடையில் நிறுத்த முடியாது. யாரும் நெருக்கடி கொடுத்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காக ஆணையம் அப்படித்தான் செய்து வைத்திருந்தது. அது பாட்டுக்கு முப்பத்து நாலு தடவை அவர் பெயரைச் சொன்னது. மூன்று தடவை பிரகல்யாவின் பெயரைச் சொன்னது. முப்பத்தெட்டாவது பொருள் காணவில்லை என்றது. லோகேஷ் வேறு பக்கம் பார்த்தார். அஞ்சுகத்தின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.

"வாசிப்பு முடிந்தது. கை முடக்கம், நிதர்சன், ஓராண்டு." மணி அடித்தது.

அவருடைய கைப்பேசி அவருக்குத் திறக்கவில்லை. பிரகல்யாவின் கைப்பேசியைக் கேட்டு வாங்கித் தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டார். பேசியது அவருடைய மேலதிகாரி. முற்றமே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"சார், இது தப்பா படிச்சிருச்சுங்க. நான் சாட்சியத்தைக் காப்பாத்தத்தான் தொட்டேன். நான் போட்ட குப்பை இல்லீங்க அது."

"கடைசிக் கை யாருதுங்க?"

"என்றதுதானுங்க, ஆனா..."

"அப்ப முறையா புகார் குடுங்க. பாதிக்கப்பட்டவங்களே கைத்தடம் வெச்சுக் குடுக்கோணும்."

"என்ற கை மொடங்கிக் கெடக்குதுங்க சார்."

"முடக்கம் நீங்குனதுக்கு அப்புறம் குடுங்க."

"முடக்கத்தை நீக்கத்தான் சார் புகாரே."

மேலதிகாரி, உண்மையிலேயே ஆச்சரியப்பட்டவர்போல, "இது வரைக்கும் இப்பிடி ஒரு புகாரே வந்ததில்லீங்களே நிதர்சன்," என்றார்.

நிதர்சன் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். பிரகல்யாவுக்குச் சிரிக்கத் தோன்றியது, சிரிக்க முடியவில்லை.

"மேற்கு மண்டலத்துல மொத்தம் எத்தனை கை மொடங்கியிருக்குதுங்க?" என்று கேட்டாள்.

"நானூத்திப் பன்னண்டு."

"அதுல எத்தனை பேரு குப்பை பொறுக்கறவங்க?"

அவருக்கு அந்தப் பட்டியல் மனப்பாடம். மாதாமாதம் அவரே தயாரித்தது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "நாலு பேரைத் தவுத்து... எல்லாருமேங்க."

"அவங்க யாரும் தப்புன்னு சொல்லலீங்களா?"

"சொல்லியிருப்பாங்க. கைத்தடம் இருந்திருக்காது," என்றார்.

நேரில் போய் வாயால் சொல்லிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. ஆனால் அலுவலகத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். அவருடைய வண்டிக் கதவு அவருக்குத் திறக்காது. நெற்றியெல்லாம் வியர்த்து, நிதர்சன் முற்றத்துக் குழாயில் கையை வைத்தார். குழாய் சும்மா இருந்தது. இன்னொரு தடவை வைத்தார்.

சுவரோரமாக நின்ற அஞ்சுகம் நடந்து வந்து குழாயைத் தொட்டாள். தண்ணீர் வந்தது. அவள் கையை எடுக்காமல் நிற்க, அவர் இரண்டு கையையும் குவித்துக் குனிந்து குடித்தார். குடித்து முடிக்கும் வரைக்கும் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க போலாமுங்க," என்றாள் பிறகு. "துணைக்கைன்னு ஒண்ணு இருக்குதல்ல? கொழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் வெச்சது. என்ற கையில வாங்க. நானும் அங்க வந்து பேசோணும்."

"நீங்களா? நீங்க எதுக்குங்க அக்கா?" என்றார் நிதர்சன். புதன்கிழமை அவள் அவருக்கு 'அந்தம்மா'வாகத்தான் இருந்தாள்.

"எனக்கு மொடங்கலீங்களே. அதனால நான் பேசலாமுங்க. பேச முடியாதவங்க நானூறு பேரு இருக்கறாங்கன்னு இப்பத்தான சொன்னீங்க?"

மூவரும் கிளம்பினார்கள். பேருந்தில் அஞ்சுகம் கை வைக்க, 'உடன் வருபவர்' என்று நிதர்சனுக்குப் பின்வாசல் திறந்தது. பிரகல்யா ஜன்னலோரம் உட்கார்ந்து இணக்கப் பத்திரத்தைக் கைப்பேசியில் திறந்தாள். 'விதி மீறியவர்' என்ற இடத்தில் எட்டு வருடமாக 'எவரும் இல்லை' என்றே எழுதி வந்தாள். அதை அழித்துவிட்டு, அறுபத்து நாலு வீட்டு எண்ணையும் ஒவ்வொன்றாக எழுதினாள். அறுபத்தைந்தாவதாகத் தன் பெயரை எழுதி அனுப்பினாள். பித்தளைத் தகட்டை லோகேஷ் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

ஆணையத்தின் வாசலில் கண்ணாடிக் கதவு. அதற்கு அப்பால் நின்ற காவலாளி, ஆறு வருடமாக நிதர்சனுக்குத் தினமும் காலையில் வணக்கம் வைக்கிறவர். நிதர்சன் பழக்கத்தில் கையைக் கதவில் வைத்தார். கதவு சிவந்தது. உள்ளேயிருந்த காவலாளி அவர் முகத்தைப் பார்த்தார், சிவந்த கதவைப் பார்த்தார். முகத்தைத் தெரியும்தான். ஆனால் கதவு தெரியாது என்கிறதே. சம்பளம் கொடுப்பது கதவின் பக்கம் நிற்கிறவர்கள்.

"யாருங்க நீங்க?" என்றார் காவலாளி.

அஞ்சுகம் முன்னால் வந்து, பால் கவர் பிரித்துப் பிரித்து நகம் தேய்ந்த தன் கையைக் கண்ணாடியில் பதித்தாள். கதவு பச்சையாகித் திறந்தது.

"உள்ள வுடுங்க," என்றாள். "இவரு என்ற கூட வந்தவருங்க."